பொழுதோடு சாப்பிட்ட குதிரை

1

குதிரைக்கு வயிற்றுப் புண் இருக்கிறதா என்று பார்க்க நான் ஒரு நாள் லீவு போட்டேன் என்று சொன்னால் செஞ்சி பஸ் ஸ்டாண்டே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். மனிதனுக்கு எண்டோஸ்கோப்பி எடுக்கவே விழுப்புரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் அலைகிற ஊர்க்காரன் நான். அயர்லாந்தில் குதிரையின் மூக்கு வழியாக மூன்று மீட்டர் குழாயை விட்டு, அதன் இரைப்பையை டிவியில் காட்டுகிறார்கள் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

ஜனவரி மாதம் கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாளை என் மகள் சந்தனா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். பரிசோதனைக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மேல் குதிரைக்குத் தீனி எதுவும் வைக்கக் கூடாது. காலையில் தண்ணீரையும் எடுத்துவிட வேண்டும். இரைப்பை காலியாக இருந்தால்தான் உள்ளே இருக்கிற புண் கண்ணுக்குத் தெரியும். கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். இவ்வளவு நேரம் வெறும் வயிற்றோடு இருப்பது குதிரைக்கு ஆகாது, இந்த ஓர் இரவு மட்டும் வேறு வழியில்லை என்று இருந்தது.

அந்த வரியை நான் காப்பி டம்ளரோடு நின்று மூன்று முறை படித்தேன். காப்பி ஆறிப்போனது. அந்தக் குதிரை இரண்டரை மாதமாக எல்லா இரவும் வெறும் வயிற்றோடுதான் நின்றுகொண்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அப்படி நிறுத்தி வைத்தவன் நான்.

2

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் மேல்சித்தாமூர்க்காரன். செஞ்சிக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். சமணர் மடம் இருக்கிற ஊர் என்றால் அந்தச் சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்களை நயினார் வீட்டுக்காரர்கள் என்பார்கள். அயர்லாந்துக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. என் மனைவி சுநந்தாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நான் வந்து சேர்ந்தேன். இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற இயந்திரத்துக்குக் காவல் இருக்கிறேன். விடிவதற்கு முன்னால் போனால் மதியம் இரண்டு மணிக்கு வெளியே வந்துவிடலாம். அதனால்தான் குதிரையின் சாயங்கால வேலை என் தலையில் விழுந்தது.

சந்தனாவுக்குப் பதினாறு வயது. பன்னிரண்டு வயதிலேயே சனி ஞாயிறுகளில் பக்கத்துப் பண்ணைக்குக் குதிரைச் சாணம் அள்ளப் போக ஆரம்பித்தாள். பெற்ற பெண்ணை நர்ஸ் ஆக்கலாமா எஞ்சினீயர் ஆக்கலாமா என்று நானும் சுநந்தாவும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவள் மண்வெட்டியும் கையுமாக நின்றாள். பண்ணைக்காரி நோராவுக்கு எழுபது வயது இருக்கும். முழங்கால் வலிக்காரி. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம். அவளுடைய பேத்தி வெளியூருக்குப் படிக்கப் போனதும், பேத்தியின் மட்டக் குதிரையை சந்தனாவுக்கே கொடுத்துவிட்டாள். லாயம் அவளுடையது, தீனியும் பராமரிப்பும் எங்களுடையது. சாம்பல் நிறப் பெண் குதிரை, பெயர் பிஸ்கட். ஊரில் என் அண்ணன் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, பால்ல தொட்டுக்கலாமா என்றார்.

பிஸ்கட்டுக்குப் பாஸ்போர்ட் உண்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கே பாஸ்போர்ட் இல்லாமல் குதிரை வைத்திருக்க முடியாது. அதில் போட்டோ கிடையாது. குதிரையின் படத்தை வரைந்து, உடம்பில் எங்கெங்கே சுழி இருக்கிறது என்று பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். நெற்றியில் ஒன்று, கழுத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. செஞ்சிக்கு அருகே அனந்தபுரம் பக்கத்து மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால் பார்க்கிற அதே சுழி. ஐரோப்பிய அரசாங்கம் சுழி பார்க்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

என் பெயர் தரணேந்திரன், சந்தனாவின் பாஸ்போர்ட்டில் அதுதான் குடும்பப் பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என் அப்பாவுடையது. அப்பாவுக்கும் மகளுக்கும் ஏன் வேறு வேறு குடும்பப் பெயர் என்று விளக்கி நான் எழுதிய கடிதங்களைச் சேர்த்தால் ஒரு புத்தகமே போடலாம். பிஸ்கட்டின் பாஸ்போர்ட்டில் உரிமையாளர் பெயர் மாற்றம் மூன்றே வாரத்தில் வந்துவிட்டது. அதில் ஒரு பக்கத்தில் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் குதிரை மனிதர் உண்பதற்கானது அல்ல என்று உறுதி கூறுகிறேன். அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு சமணனிடம் இதை எழுதி வாங்குகிறார்களே என்று நினைத்தேன். ஆனால் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டேன். இந்த நாட்டில் நான் போட்ட கையெழுத்துகளிலேயே மனப்பூர்வமாகப் போட்டது அது ஒன்றுதான்.

3

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பொட்டு சோற்றில் விழும், அந்தப் பாவம் வேண்டாம் என்பது ஒரு காரணம். அதற்கு மேலும் காரணங்கள் உண்டு, அதையெல்லாம் மடத்தில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்தான். செஞ்சியில் படித்த நாட்களில் ஸ்கூல் விட்டதும் பஸ் ஸ்டாண்டில் நின்று மேற்கே பார்ப்பேன். ராஜகிரிக் கோட்டை மலைக்கு மேலே பொழுது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியுமா முடியாதா என்று தெரிந்துவிடும். ஒரு நாள் பஸ் பிரேக்டவுன். நான் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அம்மாவும் நைனாவும் எனக்காகக் காத்திருந்து அவர்களும் சாப்பிடவில்லை. மூன்று பேரும் வெறும் வயிற்றோடு படுத்தோம். எனக்கு அன்றைக்குப் பசித்த ஞாபகமே இல்லை. அவர்களும் சாப்பிடவில்லை என்பதுதான் ஞாபகம் இருக்கிறது.

அயர்லாந்தில் இந்த வழக்கத்தைக் கடைப்பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஜூன் மாதம் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மதியம் நாலு மணிக்கெல்லாம் பொழுது போய்விடும். மறுபடி வருவது காலை எட்டரைக்கு மேல். சுநந்தா ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி பார்க்கிறவள், அவள் இரண்டே வருஷத்தில் விட்டுவிட்டாள். அவள்மேல் குற்றமில்லை. சந்தனா பதின்மூன்று வயது வரைக்கும் என்னோடு சாப்பிட்டாள். பிறகு சினேகிதி வீடு, ஸ்கூல் விளையாட்டு, பீட்சா. எட்டு மணிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். அவளிடம் ஒருமுறை கோபமாகப் பேசிப் பார்த்தேன், ஒருமுறை கெஞ்சியும் பார்த்தேன். நம்பிக்கையில்லாமல் செய்தால் அது டயட்தானே அப்பா என்றாள். அதற்குப் பிறகு நான் மட்டும் மூன்றரை மணிக்குச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவேன்.

கோடை முழுக்க பிஸ்கட் இரவு பகலாக வயலிலேயே கிடந்து மேய்ந்தது. குளிர் வந்ததும் இரவில் லாயத்தில் கட்ட வேண்டும். நான் வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டுப் போய், அதை உள்ளே கொண்டுவந்து, தரையில் புது மரச்சீவல் பரப்பி, காய்ந்த புல்லை வலைப்பையில் அடைத்துத் தொங்கவிடுவேன். அது சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இருட்டத் தொடங்கியதும் மிச்சப் புல்லை வலையோடு கழற்றி எடுத்துப் பழையபடி புல்கட்டோடு சேர்த்து, வெறும் வலையை மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். காலையில் அதை வயலில் விடுவது சந்தனா.

மற்ற குதிரைகளுக்கு முன்னால் இரவு முழுக்க வலை தொங்குவதை நான் பார்க்காமல் இல்லை. அது அவர்கள் வீட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் நைனா பொழுது சாய்வதற்குள் மாடுகளுக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டி, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். தேங்கிய தண்ணீரில் பூச்சி விழுந்து சாகக் கூடாது. மாடுகள் இரவெல்லாம் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். அதே நினைப்புத்தான் எனக்கு. குதிரை அசை போடாது என்பது ஐம்பது வயது ஆகிறவரை எனக்குத் தெரியாது. ஊரில் குதிரையை எங்கே பார்த்தோம்? கல்யாண ஊர்வலத்தில் பார்த்ததோடு சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பொழுதோடு சாப்பிடுகிற ஜீவன் இரண்டுதான், நானும் அதுவும். வலையைக் கழற்றும்போது அதன் கழுத்தில் தட்டி, போதும்மா, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று தமிழில் சொல்வேன். அது என்னையே பார்க்கும். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

4

டிசம்பர் கடைசியில் பிஸ்கட் இளைத்தது. விலா எலும்பு தெரிந்தது, தோலில் பளபளப்பு போனது. சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. லாயக் கதவின் மேல்விளிம்பை மென்று மென்று வெள்ளை மரம் வெளியே தெரிந்தது. கெட்ட பழக்கம் போலிருக்கிறது என்று நோரா சொன்னாள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த இடத்தைத் தேய்த்து, கசப்புப் பூச்சு ஒன்றைத் தடவி, மேலே பச்சைப் பெயிண்டும் அடித்துவிட்டேன். வேலை சுத்தமாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பரிசோதனையன்று டாக்டர் கீரான் கழுத்தில் ஒரு ஊசி போட்டார். முப்பது வயது இளைஞர், மெதுவாகப் பேசுகிறவர். பிஸ்கட்டின் தலை தூங்கி விழுகிற மாதிரி தொங்கியது. நர்ஸ் கறுப்புக் குழாயை மூக்கில் செலுத்த, அது ஒருமுறை விழுங்கியது. குழாய் போய்க்கொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது. பிறகு காற்று அடித்தார்கள். சுருங்கிக் கிடந்த இரைப்பை திரையில் மெல்ல விரிந்தது.

மேல்பாதி வெளுத்த தோல், கீழ்பாதி சிவந்த சதை. இரண்டுக்கும் நடுவே வயல் வரப்பு மாதிரி ஒரு மடிப்பு ஓடுகிறது. கீரான் சந்தனாவுக்கு நிதானமாக விளக்கினார். சிவந்த பாதியில்தான் அமிலம் சுரக்கிறது, அமிலத்தைத் தாங்குகிற பூச்சும் அதற்கு உண்டு. வெளுத்த பாதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குதிரை நாளெல்லாம் மேயப் பிறந்தது, அதனால் தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது ஊறுகிற எச்சில்தான் அதற்கு மருந்து. தின்ற புல்லும் மெத்தை மாதிரி மிதந்து, அமிலம் மேலே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளும். வயிறு காலியானால் இரண்டும் இல்லை.

பிறகு காமிராவை அந்த வரப்பின் ஓரமாகத் திருப்பினார். மஞ்சள் விளிம்போடு பள்ளம் பள்ளமாகப் புண்கள். நாலைந்து இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. நாலு என்பது மிக மோசம் என்றால் இது மூன்று என்றார் கீரான்.

இரவில் எவ்வளவு புல் வைக்கிறீர்கள் என்று கேட்டார். நிறைய, காலையில் ஒரு துரும்புகூட மிச்சம் இருக்காது, அப்பாதான் வைக்கிறார் என்றாள் சந்தனா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டல். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். பதினாலு வருஷமாக இந்த ஆட்டலால் எனக்கு எத்தனையோ தொல்லை, அன்றைக்கு அதற்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன்.

இரவெல்லாம் தின்கிற குதிரைக்கு அந்த இடத்தில் இவ்வளவு புண் ஏன் என்று கீரான் யோசித்தார். வாரத்தில் எத்தனை நாள் தடை தாண்டப் பழக்குகிறாய் என்று சந்தனாவைக் கேட்டார். மார்ச் மாதப் போட்டிக்காக ஐந்து நாள் என்றாள். கடுமையான வேலையும் ஒரு காரணமாக இருக்கலாம், கொஞ்சம் குறைத்துக்கொள் என்று அவர் அன்பாகத்தான் சொன்னார். அவள் முகம் அப்படியே இறங்கிப்போனது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

5

அன்று மாலை அவள் சாப்பிடவில்லை. மறுநாள் சுநந்தாவிடம் சொல்லியிருக்கிறாள். என்னால்தான் அதுக்கு நோய் வந்தது, அது வலி வலி என்று சொல்லிச் சொல்லிக் கடித்தது, நான் பட்டையை இன்னும் இறுக்கினேன், எனக்குக் குதிரை வைத்திருக்க யோக்கியதை இல்லை, ஞாயிற்றுக்கிழமை நோராவிடமே திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். சுநந்தா என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, நீயாவது அவகிட்ட பேசேன் என்றாள். நான் பேசினேன். எல்லாம் சரியாகிவிடும் என்று பேசினேன். அதைவிடப் பேசாமலே இருந்திருக்கலாம்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் என்னை வெறுப்பாள், அது ஒரு பக்கம். அந்த வழக்கத்தையும் வெறுப்பாள். என்றாவது ஒரு நாள் தானாகத் திரும்பி வருவாள் என்று நான் வைத்திருந்த மேஜை அதோடு முடிந்துபோகும். சொல்லாவிட்டால் அவள் தன்னையே வெறுத்துக்கொண்டு குதிரையை இழப்பாள். இதில் என்ன யோசனை வேண்டியிருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் மூன்று நாள் யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் டீ இடைவேளையின்போது அண்ணனுக்குப் போன் போட்டேன். மேல்சித்தாமூரில் அப்போது சாயங்காலம். அவர் எங்கள் பழைய நிலத்தில் மணிலாக் கடலை போடுகிறார், இரண்டு மாடு வைத்திருக்கிறார். நைனா மாட்டுக்குச் செய்ததைத்தானே நானும் செய்தேன் என்று அவர் வாயால் கேட்டுக்கொள்ள ஆசை. நடந்ததைச் சொன்னேன்.

"இன்னாடா சொல்ற? நைனா என்னிக்கிடா ராவுல வைக்கோல எடுத்தாரு? தண்ணித் தொட்டிதான் கவுத்து வெப்பாரு. படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கத்த வைக்கோலு அவுத்துப் போட்டுட்டுதான் வருவாரு. நீ சாப்ட்டதும் தூங்கிருவ, உனுக்கு எங்க தெரியும்?"

எனக்குத் தெரியவே தெரியாது. ஏழரைக்கெல்லாம் தூங்கிவிடுகிற பையன் பாதி வீட்டைத்தான் பார்த்திருக்கிறான். அந்தப் பாதியை மூட்டை கட்டி இங்கே கொண்டுவந்து, முழு வீடு என்று நினைத்து வாழ்ந்திருக்கிறேன். ஊரில் ஒருநாளும் இல்லாத கண்டிப்பை இங்கே வந்து நானாக உண்டாக்கியிருக்கிறேன். நாலு மணிக்கே இருட்டுகிற ஊரில், வாயில்லாத ஒன்றின்மேல்.

அண்ணன் திட்டவில்லை. அவர் குரல் இறங்கித்தான் வந்தது. "விரதம்னா நாமளா மனசு ஒத்து இருக்கறதுடா. கட்டிப் போட்டு வெச்சிருக்கிற ஜீவனுக்கு அது இன்னாத்துக்கு? போய் புள்ளகிட்ட சொல்லு மொதல்ல."

6

மறுநாள் சனிக்கிழமை மதியம் லாயத்தில் சொன்னேன். சந்தனா பிஸ்கட்டின் பிடரியைச் சீவிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்கப்போவதால் அழகாகச் சீவிக்கொண்டிருந்தாள். இரவில் நான் புல் வைப்பதில்லை, பொழுது சாய்ந்ததும் கழற்றிவிடுவேன், அக்டோபர் கடைசியிலிருந்து அப்படித்தான் என்றேன். புண் அதனால் வந்தது, உன்னால் வரவில்லை என்றேன். ஏன் செய்தேன் என்பதையும் சொன்னேன். துணைக்கு ஒரு ஜீவன் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது என்பதுவரை சொல்லிவிட்டேன்.

அவள் சீவுவதை நிறுத்தவில்லை. கோபம் வந்தால் அவள் ஆங்கிலத்தில் பேசுவாள், அன்றைக்குத் தமிழில் பேசினாள். அதனால் எனக்கு ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

"அதுக்குப் பசிச்சிது, அதான் கதவக் கடிச்சிது. நீங்க பெயிண்ட் அடிச்சீங்க."

நான் கதவின் பச்சை விளிம்பைப் பார்த்தேன்.

"டாக்டர் என்னைக் கேட்டப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க அப்பா. நான் அழுதுட்டே காருக்கு வந்தேன். நீங்கதான் கதவத் திறந்து விட்டீங்க."

குதிரையைப் பட்டினி போட்டதைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. எனக்கும் இப்போது அதுதான் பெரிதாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். என் வயதில், பெற்ற பெண்ணிடம், குதிரைச் சாணத்தின் நடுவில் நின்று கேட்டேன். அவள் வலைப்பை நிறையப் புல்லை அடைத்துத் தொங்கவிட்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் தொங்கவிட்டு, இனிமேல் சாயங்காலமும் நானே வந்துக்கறேன் என்று சொல்லிவிட்டு சைக்கிளில் போய்விட்டாள்.

நோராவிடமும் நானே போய்ச் சொன்னேன். அவள் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் தன் அம்மா பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வீட்டு நாய்க்கும் கறியை நிறுத்திவிடுவாள், நாய் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரும் என்றாள். பிஸ்கட் பாவம் கதவுக்கு வெளியே போக முடியாததுதான் வித்தியாசம் என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கீரானுக்குப் போன் செய்தேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு வரி சொன்னார், நியாயம்தான். பிறகு, காரணம் இதுவென்றால் ஆறிவிடும், கவலைப்படாதீர்கள் என்றார்.

7

ஆறிவிட்டது. அதைச் சொல்லிவிட்டே மற்றதை எழுதுகிறேன். நாலு வாரம் தினமும் காலையில் ஒரு பசையை வாயில் பிதுக்கிவிட வேண்டும். பெரிய மருந்து ஒன்றுமில்லை, நம் ஊரில் வயிற்றெரிச்சலுக்கு எல்லோரும் விழுங்குகிற மாத்திரையின் குதிரை வடிவம். அதோடு முன்னால் எப்போதும் புல். இரண்டாவது முறை குழாய் விட்டுப் பார்த்தபோது அந்த வரப்பு சுத்தமாக இருந்தது. ஓரத்தில் லேசாகத் தடித்த தோல், அவ்வளவுதான். சந்தனா திரையைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

அந்த நாலு வாரமும் அவள் என்னோடு அளந்துதான் பேசினாள். உப்பு எங்கே, சாவி எங்கே, அம்மா எப்போது வருவாள். சாயங்காலம் எனக்கு வேலை இல்லாமல் போனது. மூன்றரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலில் நின்று இருட்டுவதைப் பார்ப்பேன். குதிரை தீனிக்கு ஏங்கிக் கதவைக் கடித்தபோது நான் இங்கே வயிறு நிறைந்து நின்றிருக்கிறேன் என்று தோன்றும். இந்த வழக்கத்தையே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். விட முடியவில்லை. அது குதிரைக்கு ஆகாதது, எனக்கு ஆகாதது அல்ல. ஆனால் இதைச் சொல்லவும் அந்த வீட்டில் ஆள் இல்லை.

இரண்டாவது பரிசோதனைக்கும் முந்தின மாலையிலிருந்து பட்டினி போட வேண்டும். பிப்ரவரி ஆகிவிட்டதால் பொழுது ஐந்து மணிக்கு மேல் தாக்குப்பிடித்தது. நாலரை மணிக்கு நான் சாப்பிட உட்கார்ந்தேன். சந்தனா ஸ்கூலிலிருந்து வந்து, பையை இறக்கி வைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அது ஆறு மணிக்கு மேல ஒண்ணும் சாப்டாது. நான் மட்டும் எட்டு மணிக்கு எப்டிப்பா சாப்டறது?"

நான் எழுந்து அவளுக்குச் சோறு போட்டேன். சாம்பார் ஊற்றினேன். நல்ல விஷயம் என்று ஏதாவது சொல்லிவைத்தால் எழுந்து போய்விடுவாளோ என்று பயந்து, அப்பளம் வேணுமா என்று மட்டும் கேட்டேன். வேணும் என்றாள். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேருமாகப் போனோம். ஆறு மணிக்கு அவள்தான் வலையைக் கழற்றினாள். கழற்றிவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இன்னைக்கு மட்டும்தான், இன்னைக்கு மட்டும்தான் என்று தமிழிலேயே சொன்னாள்.

காலையில் பொழுது விடிந்த பிறகும் நான் சாப்பிடவில்லை. கழுவுகிற தொட்டியில் அவள் தட்டையும் காணோம், டம்ளரையும் காணோம். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் கீரான் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். நேற்று மாலையிலிருந்து பட்டினிதானே?

சந்தனா பிஸ்கட்டின் கயிற்றைப் பிடித்தபடி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். ஆமாம், மூன்று பேரும்.